சாயங்காலம் நாலு மணியிலிருந்து தொடங்குங்கள்: பள்ளிப் பிள்ளைகளின் எடை பற்றிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவன் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. வியர்வை அழுக்கு என்று நினைத்து நானும் என் மாமியாரும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். பாசிப்பயற்று மாவு, பீர்க்கங்காய் நார், எலுமிச்சைத் தோல், எதற்கும் அது போகவில்லை. பையனுக்குத் தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் காய்ச்சலுக்காகப் போன இடத்தில் குழந்தைகள் நல மருத்துவர் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கு இல்லைம்மா, தேய்க்காதீங்க" என்றார். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும், அப்போது கழுத்து, அக்குள் மாதிரி மடிப்பு விழும் இடங்களில் தோல் தடித்துக் கறுக்கும், எடை கூடிய பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம் என்று பொறுமையாகச் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் அவனுக்கு எடை அதிகம் என்று நினைத்ததே இல்லை. "நல்லா கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டுடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று தொடங்கி மூன்று வருடமாக நாங்கள் செய்தது, செய்து தப்பாகி மாற்றிக்கொண்டது, மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் இப்போதுதான் தொடங்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். இது ஏதோ நாலு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்கள் முதன்முறையாக அதிகமாகிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருக்கும் பழக்கம்தான் பிள்ளைக்கும் வரும், வேறு எங்கிருந்து வரும்?

முதலில் ஒரு கயிறு எடுங்கள்

எடை பார்க்கும் எந்திரத்துக்கு முன்னால் ஒரு சணல் கயிறு போதும். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலையில் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்து, சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் கயிற்றை வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் இடுப்பைச் சுற்றுங்கள். மடித்த கயிறு வயிற்றைச் சுற்றி முனையோடு முனை சேர்ந்தால் நல்லது. சேராமல் இடைவெளி விழுந்தால் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு 5 வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கும் பொருந்தும். கிராமத்து வீடுகளில் அரைஞாண் கயிறு இறுகுகிறதா, அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே யோசனைதான்.

அடுத்து எடை. கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 10 வயதுப் பையன் ஒருவன் 135 செ.மீ. உயரம், 38 கிலோ என்றால் 38-ஐ 1.35-ஆல் ஒருமுறையும் வந்த விடையை மறுபடி 1.35-ஆலும் வகுக்க, சுமார் 20.9 வரும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரியவர்களுக்கு 20.9 என்பது நல்ல எண், அதனால் பையனுக்கும் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வயதுக்கும் கணக்கு வேறு, 10 வயதில் 20.9 என்பது அதிக எடைக் கோட்டைத் தாண்டிய எண். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் 5 முதல் 18 வயது வரைக்கும் ஆண் பிள்ளைக்குத் தனியாக, பெண் பிள்ளைக்குத் தனியாக இருக்கிறது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டால் அதில் புள்ளி வைத்துக் காட்டுவார். அந்த வரைபடத்தில் 23 என்றும் 27 என்றும் குறித்த இரண்டு கோடுகள் இருக்கும் (பெரியவர்களின் 23, 27-க்குப் பிள்ளையின் வயதில் ஈடான எண்கள் அவை, அதனால் சின்ன வயதில் கோடு இன்னும் கீழே இருக்கும்), முதல் கோட்டைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடல் பருமன்.

அளப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தினமும் எடை பார்க்காதீர்கள், பிள்ளை முன்னால் நம்பரைச் சொல்லிப் பெருமூச்சும் விடாதீர்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: வளரும் பிள்ளைக்கு எடையைக் குறைப்பது பெரும்பாலும் நோக்கமே இல்லை. எடை அப்படியே நின்று உயரம் ஏறினால் கணக்கு தானாகச் சரியாகும். அதனால் பட்டினி போடுவது, ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்துவது, நெட்டில் பார்த்த டயட்டை 9 வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

வாயை அடக்குவது, அதாவது நம் வாயை

"குண்டு", "பூசணி", "இப்படியே தின்னா வெடிச்சுடுவே" என்று வீட்டிலேயே சொல்வார்கள், பாசமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. கேலி செய்தால் பிள்ளை சாப்பாட்டைக் குறைக்காது, ஒளித்துச் சாப்பிடத் தொடங்கும். என் மகன் கட்டில் அடியில் பிஸ்கட் பாக்கெட்டின் காலி உறைகளை மடித்து மடித்துச் செருகி வைத்திருந்ததைப் பெருக்கும்போது பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த அழுகை அவன் எடைக்காக வந்ததில்லை.

மறுபக்கம் தாத்தா பாட்டி. ஊருக்குப் போனால் முதல் வார்த்தையே "என்ன கண்ணு இப்படி எளைச்சுப் போயிட்டே" என்பதுதான். அவர்கள் சோற்றுக்குக் கஷ்டப்பட்ட காலத்தைப் பார்த்தவர்கள், பேரன் தட்டு நிறையச் சாப்பிடுவது அவர்களுக்கு நிம்மதி. சண்டை போட்டால் எதுவும் நடக்காது. நான் மாமியாரை மருத்துவரிடமே கூட்டிக்கொண்டு போனேன், கழுத்துக் கறுப்பு எதனால் வந்தது என்று அவர் வாயாலேயே கேட்கட்டும் என்று. அதற்குப் பிறகு வீட்டில் சுண்டலுக்கு ஊறப்போடுவது அவர் வேலையானது.

எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள், என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது மட்டும் நம் கையில் இருக்கட்டும். "தட்டைக் காலி பண்ணிட்டுத்தான் எந்திரிக்கணும்" என்ற சட்டத்தை எடுத்துவிடுங்கள். சோறு வீணாகக் கூடாது என்றால் முதலில் குறைவாகப் போடுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். மார்க் வாங்கினால் ஐஸ்கிரீம், ஊசி போட்டுக்கொண்டால் சாக்லேட் என்று தின்பண்டத்தைப் பரிசாக்குவதையும் நிறுத்துங்கள். பரிசு வேண்டுமென்றால் சைக்கிளுக்கு மணி வாங்கிக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கோ கண்மாய்க்கரைக்கோ கூட்டிப் போங்கள்.

நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில்

என் அனுபவத்தில் எல்லாமே இந்த மூன்று மணி நேரத்துக்குள்தான் இருக்கிறது. காலையில் அவசரம், மதியம் பள்ளி, இரவில் களைப்பு. சாயங்காலம் பிள்ளை பசியோடு வீட்டுக்குள் நுழையும் அந்த நேரத்தில்தான் பிஸ்கட் டப்பாவும், மிக்சரும், பேக்கரி பப்ஸும், பத்து ரூபாய் பாக்கெட்டும், போனும், சோபாவும் ஒன்றாகக் கூடுகின்றன. நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் இந்த நேரத்தை மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் மாற்றிய விதத்தைச் சொல்கிறேன். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலரை மணிக்கு நிஜமான பசி இருக்கும், அதற்கு இரண்டு பிஸ்கட் காணாது, அதனால்தான் பாக்கெட்டே காலியாகிறது. ஆகவே அந்த நேரத்தில் வயிறு நிறையும்படி நிஜமான சாப்பாடாகவே கொடுத்துவிடுங்கள். முந்தின இரவு ஊறவைத்த கறுப்புக் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ குக்கரில் அவித்துத் தாளித்த சுண்டல், அவித்த வேர்க்கடலை ஒரு கை, கொய்யாப்பழம், ஒரு முட்டை, பொரியில் வெங்காயம் தக்காளி மாங்காய் கலந்தது, சீசனில் பனங்கிழங்கு. டியூஷன் ஆறு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கே இரண்டு இட்லியோ ஒரு தோசையோ சாம்பாரோடு கொடுத்து அனுப்பலாம், இரவு எட்டரைக்குத் திரும்பி வந்ததும் கொலைப்பசியில் நாலு பரோட்டா கேட்பது தானாகக் குறையும்.

சுண்டலுக்கு ஊறவைக்க மறந்துவிட்டேன் என்பதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. நாங்கள் ஞாயிறு, செவ்வாய், வியாழன் இரவு என்று கிழமை வைத்துக்கொண்டோம், டம்ளர் கணக்கு இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர், அவித்ததில் பாதியைத் தாளிக்காமல் பிரிட்ஜில் வைத்தால் மறுநாளுக்கு ஆகும்.

பாக்கெட் தின்பண்டத்தை "தொடாதே" என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் வைத்திருப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மாத மளிகைப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிடுங்கள், அப்பாவுக்கு என்று தனியாக ஒளித்து வைப்பதும் கூடாது. வீட்டில் இல்லாத பண்டத்துக்காக யாரும் தினமும் சண்டை போட வேண்டியதில்லை. வெளியே போகும்போது, கல்யாண வீட்டில், பிறந்தநாளில் சாப்பிட்டுக்கொள்ளட்டும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சாப்பிடாமல் இருக்கச் சொல்வது என் நோக்கமில்லை. பண்டிகைப் பலகாரம் பண்டிகையன்று மட்டும் இருந்த காலத்தில் யாருக்கும் அதனால் கெடுதல் வரவில்லை, மிக்சரும் சிப்ஸும் திங்கள்கிழமைப் பலகாரமாகிவிட்டதுதான் வினை.

குடிப்பது

சாப்பாட்டில் சர்க்கரையைக் கவனிக்கும் வீடுகளில்கூடக் குடிப்பதில் கோட்டை விடுகிறோம். கணக்கை ஒருதடவை போட்டுப் பாருங்கள். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை ஒருநாளைக்கு வேண்டிய மொத்தச் சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 5 சதவீதம் என்றால் பெரியவருக்கே 25 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன், பிள்ளைக்கு இன்னும் குறைவு.

இப்போது உங்கள் வீட்டு மால்ட் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், குவித்து இரண்டு ஸ்பூன் போடும்போது 20 கிராம் பவுடர், அதில் 6 கிராம் சர்க்கரை. அதற்கு மேல் நாம் வழக்கமாகப் போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரை 5 கிராம். காலையும் மாலையும் இரண்டு டம்ளர் என்றால் 22 கிராம், பிள்ளை இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை, நாளின் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இந்த மாதிரிப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" பிரிவிலிருந்து எடுத்துவிடச் சொல்லி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது என்பதுதான் காரணம். பால் வேண்டுமென்றால் பால் கொடுங்கள், பவுடரையும் சர்க்கரையையும் வாரம் அரை ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் வெறும் பாலுக்கு வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது, ஒருநாள் சண்டைகூட இல்லை.

250 மில்லி கோலாவில் சுமார் 26 கிராம் சர்க்கரை, ஐந்து ஸ்பூனுக்கு மேல். பழரசம் என்றால் பரவாயில்லை என்று நினைக்கிறோம், பழத்தைப் பிழிந்து சக்கையை எறிந்த பிறகு அதில் இருக்கும் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் சேரும், கடைப் பாட்டிலோ வீட்டில் பிழிந்ததோ. பழத்தைக் கடித்துத் தின்னச் சொல்லுங்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றி என்னிடம் கேட்காத தோழிகள் இல்லை. அவை எவ்வளவுதான் பாரம்பரியமானவை என்றாலும் எடை விஷயத்தில் சர்க்கரை சர்க்கரைதான், "வெள்ளைச் சர்க்கரை நிறுத்திட்டோம்" என்று சொல்லி இரண்டு மடங்கு கருப்பட்டி போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தாகத்துக்குத் தண்ணீர், வெயில் காலத்தில் நீர்மோர், இளநீர் கிடைத்தால் இளநீர், இவ்வளவுதான்.

டிபன் பாக்ஸும் தட்டும்

எலுமிச்சை சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல், தக்காளி சாதத்துக்கு அப்பளம், நூடுல்ஸுக்கு எதுவுமே இல்லை. நம் ஊர் மதிய டப்பாக்களின் கதை இது, மாவுக்கு மேல் மாவு. சோற்றை நிறுத்தச் சொல்ல நான் யார், சோறு இல்லாமல் என் வீட்டிலும் ஆகாது. டப்பாவின் பெரிய அறையில் காயும் சின்ன அறையில் சோறும் வையுங்கள், அதாவது வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். பீன்ஸ் பொரியல், கோஸ் கூட்டு, கீரை மசியல், அவித்த முட்டை, பருப்பு உசிலி, பன்னீர், மீன், பிள்ளை எதைச் சாப்பிடுமோ அது. தட்டில் பாதிக்குப் பாதி காய், கீரை, பழம் இருக்க வேண்டும் என்பதுதான் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்வது.

காயே தொடாத பிள்ளை என்றால் ஒரே காயைப் பத்து தடவைக்கு மேல் வெவ்வேறு நாளில் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு ஸ்பூன், வற்புறுத்தாமல். இரண்டு நாள் வைத்துவிட்டு "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். சந்தைக்குக் கூட்டிப்போய் ஒரு காயை அவனையே பொறுக்கச் சொல்லுங்கள், அவரைக்காய் நாரை உரிக்க உட்கார வையுங்கள். என் மகன் முதன்முதலில் தானாகச் சாப்பிட்ட காய் அவனே நார் உரித்த அவரைக்காய்தான்.

காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ பொங்கலோ காய்கறி சாம்பாரோடு கிடைத்துவிடுகிறது, தனியார் பள்ளிப் பிள்ளைகள்தான் ஏழே கால் வேனைப் பிடிக்க வெறும் பாலோடு ஓடி, பத்தரை இடைவேளையில் கேன்டீனில் சமோசா வாங்குகிறார்கள். எண்ணெய்க்கு ஒரு சுலபமான வழி: புது பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதுங்கள். எத்தனை நாளில் தீர்கிறது என்று கண்ணால் பார்த்தாலே கை தானாகக் குறையும்.

ஓட விடுங்கள்

5 முதல் 17 வயது வரைக்கும் தினமும் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும்படி, வியர்க்கும்படி உடம்பு அசைய வேண்டும். இதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, இருபது இருபது நிமிடமாகச் சேர்த்தாலும் சரி. நொண்டி, கோகோ, பச்சைக்குதிரை, கபடி, கயிறு தாண்டுவது, சைக்கிள், தெருக் கிரிக்கெட் எல்லாமே கணக்கில் வரும். மாதம் ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் கோச்சிங் வேண்டுமென்பதில்லை, அங்கே பாதி நேரம் பிள்ளை வரிசையில் தன் முறைக்காக நின்றுகொண்டிருக்கும். பக்கத்து வீட்டில், அபார்ட்மெண்டில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து, முறை வைத்து ஒரு பெரியவர் கூட நின்றால் போதும். எங்கள் தெருவில் ஐந்தே கால் முதல் ஆறே கால் வரை என்று நேரம் வைத்தோம், ஐந்து வீட்டு அம்மாக்கள், ஆளுக்கு ஒருநாள். முதலில் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். இப்போது பதினொன்று.

விளையாட்டே பிடிக்காத, ஓடினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று கூச்சப்படும் பிள்ளையை மைதானத்தில் தள்ளாதீர்கள். நடையில் தொடங்குங்கள். கடைக்குப் போய்வருவது, நாயைக் கூட்டிப்போவது, பாட்டுப் போட்டு ஆடுவது. தமிழக அரசின் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள், ஞாயிறு காலையில் குடும்பமாகப் போய் அதில் இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வரலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தெருவில் ஓடிய பெண், வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் உட்கார வைக்கப்படுகிறாள், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் நெய்யும் கூடுகிறது, அசைவு நின்றுபோகிறது. அந்த இரண்டு மூன்று வருடத்தில் கூடும் எடை பிறகு மாதவிடாய்க் கோளாறு வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. மாதவிடாய் விளையாடக் கூடாததற்குக் காரணமே இல்லை. உங்கள் மகளின் ஷட்டில் பேட்டைப் பரணில் ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

போனும் தூக்கமும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சாப்பிடும் இடத்தில் போன், டி.வி. கிடையாது, அப்பாவுக்கும்தான். திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், 13க்கு மேல் 8 முதல் 10. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் வறுத்ததற்கும்தான் மனசு போகும். ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதுக்குப் படுக்கையில் இருக்க வேண்டும், அதற்கு இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. நம் வீடுகளில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், எனக்குத் தெரியும். சீரியல் நேரத்தை மாற்ற முடியாது, சமைக்கும் நேரத்தை மாற்றலாம். வாரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

பள்ளியிடம் கேளுங்கள்

வீட்டில் என்ன செய்தாலும் பள்ளி வாசலில் பாக்கெட் தொங்கினால் பாதி வீண். பெற்றோர் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள உணவுகளைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2025 மே மாதத்தில் தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசி முடித்ததும் இந்த இரண்டையும் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தீர்மானமே போடலாம்.

அப்புறம் பி.டி. பீரியட். கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும் போர்ஷன் முடிக்க எடுத்துக்கொள்ளும் அந்த பீரியட்தான் நிறையப் பிள்ளைகளுக்கு நாளில் ஓடக் கிடைக்கும் ஒரே நேரம். நான் ஒருத்தியாகக் கேட்டபோது எதுவும் நடக்கவில்லை, பதினாறு பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு வாரத்தில் இரண்டு பீரியட் திரும்பி வந்தது. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுப்பதற்குப் பதில் பென்சிலோ கடலைமிட்டாயோ கொடுக்கலாம் என்று வகுப்பு ஆசிரியரே சொல்லிவிட்டால் நாற்பது நாள் சாக்லேட் மிச்சம்.

எந்த வரிசையில் செய்வது

எல்லாவற்றையும் திங்கள்கிழமை காலையிலிருந்து மாற்றாதீர்கள், புதன்கிழமை கைவிட்டுவிடுவீர்கள். முதல் இரண்டு வாரம் சாயங்காலத் தின்பண்டம் மட்டும். அது பழகியதும் குடிப்பது. மூன்றாவதாக விளையாட்டு நேரம். டப்பாவும் தூக்கமும் அதற்கப்புறம். வீட்டில் ஒல்லியாக இருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இதே சாப்பாடுதான், அண்ணனுக்குச் சுண்டல் தங்கைக்குச் சிப்ஸ் என்று பிரித்தால் அண்ணன் மனசு உடைந்துவிடும். பரீட்சை வாரத்தில், ஊர்த் திருவிழாவில் எல்லாம் கலைந்துபோகும், கலையட்டும், அடுத்த வாரம் சுண்டலிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

கழுத்திலோ அக்குளிலோ தேய்த்தாலும் போகாத கறுப்பு, தூக்கத்தில் சத்தமான குறட்டை அல்லது மூச்சு நின்று நின்று வருவது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது, முட்டி அல்லது இடுப்பு வலி, அடிக்கடி தாகமும் சிறுநீரும், மகளுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். "தைராய்டா இருக்கும்" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது காரணமில்லை. ஆனால் எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் கூடாமல் நின்றுவிட்டால் ஹார்மோன் பரிசோதனை அவசியம், சுவரில் போட்ட பென்சில் கோடுகள் அப்போதுதான் உதவும்.

போகும்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எழுதிய நோட்டு, பிள்ளை ஒரு வாரம் என்ன சாப்பிட்டது என்ற குறிப்பு, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியில் யாருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் இருக்கிறது என்ற விவரம், இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். எடை பற்றிப் பெரியவர்கள் பேசும் நேரத்தில் பிள்ளையைச் சற்று வெளியே உட்கார வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மருத்துவர் முதல் நாளே அப்படிச் செய்தார், என் மகன் வெளியே நர்ஸோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான்.